உப்பு போட்ட சாட்சி

"அம்மா, உப்பு கம்மி!"

ஒரகடம் ஜங்ஷனுக்குப் பக்கத்துல, வீட்டு முன்னாடி ஒரு தகர ஷெட் போட்டு எங்க அம்மா மெஸ் நடத்துறாங்க. நைட் ஷிஃப்ட் முடிச்சு கம்பெனி பஸ்கள் வரிசையா ஆளுங்களை இறக்கிவிடுற காலை நேரம்தான் எங்களுக்கு செம பிஸி. அந்தக் கூட்டத்துல இருந்து தினமும் இந்தக் குரல் வரும். பொங்கல்ல உப்பு சரியாத்தான் இருக்கும். ஆனாலும் சொல்லியே தீருவார் பையா. ஏன்னா, அவர் முழுசாக் கத்துக்கிட்ட முதல் தமிழ் வாக்கியமே அதுதான். கத்துக்கொடுத்தது அடியேன். அதனால என்னை 'டீச்சர்ஜி'ன்னுதான் கூப்பிடுவார்.

'பையா' அவரோட பேர் இல்லை. வடக்கே இருந்து வேலைக்கு வர்ற எல்லாருக்கும் நம்ம ஏரியாவுல நாமளா வெச்ச பொதுப் பேர் அது. அவர் ஊர் ஒடிசாவுல கஞ்சாம் மாவட்டம். சொன்னதும் பசங்க, "என்னது... கஞ்சாவா?"ன்னு சிரிப்பாங்க. அவரும் சேர்ந்து சிரிப்பார். அந்த ஜோக் ஒருநாள் திரும்பி வந்து கடிக்கும்னு அப்போ யாருக்கும் தெரியலை.

ஒரு திங்கட்கிழமை அந்தக் குரல் கேட்கலை. "என்னடி, உப்பு கம்மி இன்னும் வரலை?"ன்னு அம்மா கேட்டுட்டே இருந்தாங்க. ஒன்பது மணிக்கு அவர் ரூம்ல தங்கியிருந்த பையன் மூச்சிரைக்க ஓடி வந்தான். பையா தூக்கத்துலயே போயிட்டார். வயசு 38.

உடம்புல காயம் இல்லை. தலையணைக்கு அடியில ஒரு மாத்திரை அட்டை மட்டும் இருந்துச்சு. பாதி காலி.

போதும்ல? மதியத்துக்குள்ள தெருவே தீர்ப்பு எழுதி முடிச்சிருச்சு. "போதை மாத்திரையாம்ப்பா." "இல்ல இல்ல, சரக்குல எதையோ கலந்து அடிச்சிருக்கான்." "ஊர்ப் பேரே கஞ்சாம்தானே!" கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல 60-க்கும் மேற்பட்டவங்க மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடிச்சு செத்து சில மாசம்தான் ஆகியிருந்துச்சு. அதனால எந்த மூலையில யார் செத்தாலும் முதல் சந்தேகம் பாட்டில் மேலதான். டீக்கடை கோர்ட்டுல அப்பீலே கிடையாது பாஸ்!

எனக்கு மட்டும் அந்த அட்டை என்னன்னு தெரியும். முதுகுல இருந்து கால் வரைக்கும் இழுக்குற நரம்பு வலி அவருக்கு. லோடு இழுத்து இழுத்து வந்தது. டாக்டர்கிட்ட அவரைக் கூட்டிட்டுப் போனதே எங்க அப்பாதான். டாக்டர் எழுதிக் கொடுத்த அட்டையை என்கிட்ட நீட்டி, "டீச்சர்ஜி, இதுல என்ன எழுதியிருக்கு?"ன்னு பையா கேட்டார். கபாபென்டின், நார்ட்ரிப்டிலின்னு படிச்சுக் காட்டினேன். நரம்பு வலிக்கு ரொம்ப சாதாரணமா எழுதுற ஜோடி அது. ஆனா நான் சொன்னா யார் கேட்பாங்க? சொல்ல வேண்டியவர் பையா. அவராலதான் இனிமே பேச முடியாதே.

மறுநாள் அவர் தம்பி வந்து இறங்கினார். கால்ல ரப்பர் செருப்பு, கையில ஒரு ஜோல்னாப் பை. வாழ்க்கையில முதல் விமானப் பயணமே அண்ணனைக் கூட்டிட்டுப் போகத்தான். என்னோட அரைகுறை ஹிந்தி அன்னிக்குத்தான் உபயோகப்பட்டுச்சு. அப்பாவும் நானும் அவர்கூட அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே ஆள் சப்ளை பண்ற கான்ட்ராக்டரோட ஆள் ஒருத்தர் ஒரே அவசரத்துல இருந்தார். "நாளைக் காலைல ஃப்ளைட்டு. எம்பாமிங் பண்ணாத்தான் கார்கோவுல ஏத்துவான். முதல்ல அதை முடிச்சிருவோம் சார், மத்ததெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்"ன்னார். அவர் ஒண்ணும் வில்லன் இல்லை. வேலையைச் சீக்கிரம் முடிக்கணும், அவ்வளவுதான். ஆனா அங்கே இருந்த வயசான எஸ்.ஐ. அசையலை. "முதல்ல போஸ்ட்மார்ட்டம். அப்புறம்தான் எம்பாமிங். வரிசை மாறுச்சுன்னா அப்புறம் அந்த பிரம்மாவே வந்தாலும் எதுவும் கண்டுபிடிக்க முடியாது."

ஏதோ ரூல்ஸ் பேசுறார்னுதான் நினைச்சேன். மூணு வருஷம் கெமிஸ்ட்ரி படிச்ச எனக்கு உறைக்காதது அவருக்குத் தெரிஞ்சிருந்துச்சு.

பிரேதப் பரிசோதனை முடிஞ்சு ஊழியர் ஒருத்தர் பாட்டில்களை வரிசையா வெச்சு லேபிள் ஒட்டிட்டு இருந்தார். வாய் அகலமான ரெண்டு பெரிய பாட்டில்ல கலங்கலா ஏதோ. ஓரமா வேற மருந்து ஊத்தின ஒரு பாட்டில். சாம்பல் கலர் மூடி போட்ட ஒரு ரத்தக் குழாய். கடைசியா ஒரு சின்ன பாட்டில். அதுல வெறும் தண்ணி மாதிரி தெளிவா இருந்துச்சு.

"அண்ணே, அது என்ன?"

"உப்புத் தண்ணி பாப்பா. உறுப்பெல்லாம் கெடாம இருக்க அதைத்தான் ஊத்துறோம்."

"சரி... இந்த சின்ன பாட்டில்ல?"

"அதுவும் அதே உப்புத் தண்ணிதான். வேற ஒண்ணும் இல்ல. அதையும் சேர்த்து அனுப்பணும்."

வெறும் உப்புத் தண்ணிக்கு எதுக்கு சீல், லேபிள், இவ்வளவு மரியாதை? அந்தக் கேள்வியோடதான் வீட்டுக்கு வந்தேன். அடுத்த வாரம் காலேஜ்ல எங்க ஹெச்.ஓ.டி. மேடத்தைப் பிடிச்சேன். மேடம் பதில் சொல்றதுக்கு முன்னாடி என்னைத் திருப்பிக் கேட்டாங்க: "உங்க அம்மா ஊறுகாய் போடுவாங்கள்ல? மாங்காய்ல உப்பு போட்டா என்ன ஆகும்?"

"கெடாது மேடம்."

"மாங்காயாவே இருக்குமா?"

டக்குன்னு புரிஞ்சுது. கெடாம இருக்கிறது வேற, மாறாம இருக்கிறது வேற! உப்பு போட்ட மாங்காய் வருஷக்கணக்கா கெடாது. ஆனா அது இப்போ மாங்காய் இல்லை, ஊறுகாய். அதோட சாறு பாதி உப்புத் தண்ணியில இறங்கியிருக்கும்.

மேடம் சொன்னதையும், அதுக்கப்புறம் நான் லைப்ரரியில தேடித் தேடிப் படிச்சதையும் உங்களுக்குச் சொல்றேன். போரடிக்காது, பயப்படாதீங்க!

செத்தவங்க உடம்புல விஷமோ மருந்தோ இருந்துச்சான்னு பார்க்க, இரைப்பை, சிறுகுடலின் ஒரு பகுதி, கல்லீரல், சிறுநீரகம் எல்லாத்துல இருந்தும் கொஞ்சம் எடுத்து லேபுக்கு அனுப்புவாங்க. நம்ம ஊர் வெயில்ல அது அழுகாம போய்ச் சேரணும். அதுக்குத்தான் பூரிதக் கரைசல். 100 மில்லி தண்ணியில சுமார் 36 கிராம் உப்பு, இதுக்கு மேல கரையாதுங்கிற அளவு. உப்பு இல்லைன்னா ரெக்டிஃபைடு ஸ்பிரிட். ஆனா ஒருத்தர் குடிச்சிருந்தாரான்னு பார்க்கணும்னா ஸ்பிரிட்டைக் கிட்டயே சேர்க்கக் கூடாது. ஏன்னா ஸ்பிரிட்டே ஆல்கஹால்தான்! சொட்டுக்கூடக் குடிக்காத ஆளையும் அந்த பாட்டில் குடிகாரனாக்கிடும்.

அந்த சின்ன பாட்டில் ரகசியமும் இதுதான். லேப்ல ஏதாவது விஷம் தெரிஞ்சா, அது உடம்புல இருந்து வந்துச்சா, ஊத்தின உப்புத் தண்ணியில இருந்தே வந்துச்சா? அந்த உப்புத் தண்ணியைத் தனியாச் சோதிச்சாத்தான் தெரியும். அதாவது, சாட்சியைப் பாதுகாக்க வந்த போலீஸ்காரரையே முதல்ல சோதனை போடுறாங்க.

அடுத்து அந்த சாம்பல் மூடிக் குழாய். சுகர் டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுத்தவங்க பார்த்திருப்பீங்க. அதுல சோடியம் ஃப்ளூரைடும் பொட்டாசியம் ஆக்சலேட்டும் இருக்கும். ஆக்சலேட் ரத்தம் உறையாம பார்த்துக்கும். ஃப்ளூரைடு கிருமிகளையும் என்சைம்களையும் அடக்கி வைக்கும். அது ஏன் முக்கியம்? செத்த பிறகு ரத்தத்துல இருக்கிற சர்க்கரையை ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் நொதிக்க வைக்கும். நொதிச்சா என்ன வரும்? அதே ஆல்கஹால். இட்லி மாவு புளிக்கிற மாதிரி, குடிக்காத மனுஷன் ரத்தத்துல செத்த பிறகு சரக்கு ஊறும்! கொக்கெய்ன் மாதிரி சில போதை மருந்துகளை ரத்தத்துல இருக்கிற என்சைம்களே உடைச்சுத் தள்ளும். ஃப்ளூரைடு அதையும் தடுக்கும்.

அப்போ ஃப்ளூரைடுதான் ஹீரோவா? அதுவும் இல்லை. 1999-ல வந்த ஒரு ஆய்வு, சில ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிமருந்துகளை ஃப்ளூரைடு காப்பாத்துறதுக்குப் பதிலா வேகமாச் சிதைக்குதுன்னு காட்டுச்சு. ஒரு மருந்துக்குக் காவல்காரன், இன்னொரு மருந்துக்குக் கொலைகாரன். நம்ம கிராமங்கள்ல விஷச் சாவுன்னாலே பூச்சிமருந்துதான் ஞாபகத்துக்கு வரும். அப்போ இது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிச்சுப் பாருங்க.

இப்போ மெயின் வில்லனுக்கு வருவோம். ஃபார்மலின். எம்பாமிங் பண்றப்போ ரத்தக்குழாய் வழியா உடம்பு முழுக்க ஏத்துறது இதைத்தான்.

கெமிஸ்ட்ரி பசங்களுக்கு எஷ்வைலர் - கிளார்க் ரியாக்‌ஷன் ஞாபகம் இருக்கா? 1905-ல எஷ்வைலர், 1933-ல கிளார்க். ஃபார்மால்டிஹைடையும் ஃபார்மிக் அமிலத்தையும் சேர்த்தா, அமீன்ல ஒரு மெத்தில் போய் ஒட்டிக்கும். செமஸ்டருக்கு மனப்பாடம் பண்ணி, பரீட்சை ஹால்ல கொட்டிட்டு, வெளியே வந்து மறந்துட்டேன் நான். அதே ரியாக்‌ஷன் ஃபார்மலின் பாட்டிலுக்குள்ள தானாவே நடக்குமாம்! ஃபார்மலின் பழசாகப் பழசாக ஃபார்மிக் அமிலமும் அதுலயே உருவாகிடும். உள்ளே ஒரு செகண்டரி அமீன் மாட்டினாப் போதும்.

பையாவோட மாத்திரையில இருந்த நார்ட்ரிப்டிலின் இருக்கே, அது ஒரு செகண்டரி அமீன். ஃபார்மலின்ல கிடந்தா மெத்தில் ஏறி அமிட்ரிப்டிலின் ஆகிடும். அதுவும் நிஜமான ஒரு மருந்து. மனச்சோர்வுக்கும் வலிக்கும் கடையில கிடைக்கிற இன்னொரு மாத்திரை. இன்னும் வேடிக்கை என்னன்னா, அமிட்ரிப்டிலின் சாப்பிட்டா நம்ம கல்லீரல் ஒரு மெத்திலைக் கழட்டி அதை நார்ட்ரிப்டிலினா மாத்தும். உடம்பு கழட்டின சட்டையை பாட்டில் திரும்ப மாட்டிவிடுது! மெத்தாம்பெட்டமைனும் இதே மாதிரி ஒரு மெத்தில் சேர்த்துக்கிட்டு வேற பொருளா நிக்கும்.

அன்னிக்கு அந்த எஸ்.ஐ. மட்டும் தலையாட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்? அட்டையில ஒரு மருந்து, உடம்புல இன்னொரு மருந்து. "அப்போ அந்த ரெண்டாவது மாத்திரையைக் கொடுத்தது யாரு? ரூம்ல கூட இருந்தது யாரு?" கேள்வி நேரா அந்த ரூம் பையன் கழுத்துல போய் விழுந்திருக்கும். அவனுக்கு வயசு 20.

அது மட்டுமில்லை. ஃபார்மலின் தானா கெட்டியாகிப் படியாம இருக்க அதுல மெத்தனாலும் கலந்திருப்பாங்க, சாதாரணமா 10 முதல் 15 சதவிகிதம் வரை. மெத்தனால் குடிச்சவங்க உடம்புல அது முதல்ல ஃபார்மால்டிஹைடா மாறும், அப்புறம் ஃபார்மிக் அமிலமா மாறும். அந்த அமிலம்தான் கண்ணைப் பறிக்கும், உயிரை எடுக்கும். இப்போ எம்பாமிங் பண்ண உடம்புல என்னென்ன இருக்கும்? மெத்தனால், ஃபார்மால்டிஹைடு, ஃபார்மிக் அமிலம். மூணுமே ஆஜர்! விஷச் சாராயத்தோட மொத்தத் தடயமும் ஆஸ்பத்திரியில ஊத்தின மருந்துலயே இருக்கு. யார் குடிச்சாங்க, யார் குடிக்கலைன்னு எப்படிப் பிரிக்கிறது?

இது ஏதோ புத்தகக் கதைன்னு நினைக்காதீங்க. 2023 மே மாசம் எங்க பக்கத்து மாவட்டமான செங்கல்பட்டுல சித்தாமூர் பக்கமும், விழுப்புரம் மரக்காணம் பக்கத்துல எக்கியார்குப்பத்துலயும் 20-க்கும் மேற்பட்டவங்க செத்தாங்க. அவங்க குடிச்சது காய்ச்சின சாராயமே இல்லை, தொழிற்சாலையில பயன்படுத்துற மெத்தனால்னு சொன்னது தடய அறிவியல் சோதனைதான். அதை வெச்சுத்தான் விசாரணை ரசாயனத் தொழிற்சாலை வரைக்கும் போச்சு. ஒரு பாட்டில் சரியான பேரைச் சொன்னதால வந்த வெளிச்சம் அது.

படிக்கப் படிக்க இன்னொண்ணும் தெரிஞ்சுது. இந்தியாவோட முதல் ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் ஆரம்பிச்சது நம்ம சென்னையிலதான், 1849-ல. அப்புறம் 1991 மே 21. ஸ்ரீபெரும்புதூர்னு சொன்னா நாட்டுக்கே ஞாபகம் வர்ற நாள். ராஜீவ் காந்தி கொலையில, சிதறிக் கிடந்த துணி, பேட்டரி, வயர் துண்டுகளைச் சேர்த்துவெச்சு, ஒரு பெண் இடுப்புல கட்டிட்டு வந்த பெல்ட் குண்டுதான் வெடிச்சுதுன்னு சொன்னது பேராசிரியர் பி.சந்திரசேகரன் தலைமையில இருந்த தமிழ்நாடு தடய அறிவியல் துறை. எங்க ஊர் மண்ணைச் சலிச்சு எடுத்த பதில் அது.

ஒரு முன்னாள் பிரதமருக்கு அந்த அக்கறை கிடைச்சதுல ஆச்சர்யம் இல்லை. ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் அது கிடைக்குமா? அதுதான் என் கேள்வி. அவருக்கு எந்த விசாரணை கமிஷனும் வராது. அவருக்குக் கிடைக்கிறதெல்லாம் ரெண்டு பாட்டில், ஒரு குழாய், சரியான உப்பு, சரியான வரிசை. அதுல ஒண்ணு தப்பினாலும் அவர் காலத்துக்கும் 'போதையில செத்தவன்'தான்.

மாசங்கள் ஓடிச்சு. தம்பி அப்பப்போ போன் பண்ணுவார். "ரிப்போர்ட் வந்துச்சா தீதி?" ஊர்ல அவங்களுக்கும் அதே பிரச்னை. அண்ணன் குடிச்சே செத்தான்னு பேச்சு. பையாவோட மனைவி தண்ணி எடுக்கப் போனாக்கூட பின்னாடி முணுமுணுப்பு. பொண்ணு ஆறாவது படிக்குது. ஸ்கூல்ல ஏதோ சொல்லி அழ வெச்சிருக்காங்க.

ஒருநாள் ராத்திரி என் போனுக்கு சில போட்டோக்கள் வந்துச்சு. ரிப்போர்ட்! முழுக்க இங்கிலீஷ். படிச்சுச் சொல்லுங்கன்னு தம்பி போன்ல காத்திருந்தார். எனக்குக் கை நடுங்குச்சு.

ரத்தத்துல எத்தில் ஆல்கஹால் இல்லை. மெத்தில் ஆல்கஹால் இல்லை. வேற விஷம் எதுவும் இல்லை. இருந்தது ரெண்டே மருந்து. கபாபென்டின், நார்ட்ரிப்டிலின். அட்டையில இருந்த அதே ரெண்டு, பேர் மாறாம.

அப்போ சாவு எப்படி? ஓரமா வேற மருந்து ஊத்தி ஒரு பாட்டில் இருந்துச்சுன்னு சொன்னேன்ல? அதுல இருந்தது இதயம். ஊத்தினது... நம்ம வில்லன் ஃபார்மலின்தான்! திசுக்களை மைக்ராஸ்கோப்ல பார்க்க ஃபார்மலின்ல போட்டாத்தான் அதோட அமைப்பு குலையாம நிக்கும். அந்த வேலைக்கு அதுதான் ஹீரோ. இதய ரத்தக்குழாய்ல மோசமான அடைப்பு. அதனாலதான் மரணம்னு டாக்டர் முடிவு எழுதியிருந்தார். மருந்தைத் தேட உப்பு, நோயைத் தேட ஃபார்மலின். ரெண்டும் இடம் மாறாம இருந்ததால, ரெண்டு சாட்சியும் உண்மையைச் சொல்லிச்சு.

"தம்பி... அண்ணன் குடிக்கலை. போதை எதுவும் இல்லை. டாக்டர் கொடுத்த மாத்திரை மட்டும்தான். ஹார்ட் அட்டாக்"ன்னு எனக்குத் தெரிஞ்ச ஹிந்தியில சொன்னேன். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "தீதி, ஒரு தடவை அண்ணிகிட்டேயும் சொல்லுங்க. நான் சொன்னா சமாதானத்துக்குச் சொல்றேன்னு நினைப்பாங்க"ன்னார். சொன்னேன். அந்தப் பொண்ணுகிட்டேயும் சொன்னேன்.

மறுநாள் காலையில பொங்கல் வாளியை வெச்சுட்டு, சாப்பிட வந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரி அம்மா அந்த ரிப்போர்ட் விஷயத்தைச் சத்தமாச் சொன்னாங்க. அன்னிக்குத் தீர்ப்பு எழுதின ஆளுங்கள்ல ரெண்டு பேர் தலை குனிஞ்சு சாப்பிட்டாங்க. ரூம் பையன் மட்டும் ஓரமா நின்னு கண்ணைத் துடைச்சுக்கிட்டான்.

நான் இப்போ எம்.எஸ்சி. தடய அறிவியலுக்கு அப்ளிகேஷன் போட்டிருக்கேன். கிடைக்குமான்னு பார்ப்போம். உங்ககிட்ட ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை யாராவது செத்துப்போய், டீக்கடையில தீர்ப்பு ஆரம்பிச்சா, "ரிப்போர்ட் வந்துருச்சா?"ன்னு ஒரு கேள்வி மட்டும் கேளுங்க. செத்தவங்க சாட்சி சொல்ல மாசக்கணக்கு ஆகும். அதுவரைக்கும் நாம அதுல எதையும் கலக்காம இருக்கலாம்ல?

பையா, இந்தத் தடவை உப்பு சரியா இருந்துச்சு.